சிப்ஸ் நிறுவனத்தின் சுவை மதிப்பீட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

வேலூர் சத்துவாச்சாரியில் பெட்டிக்கடை வைத்திருப்பவன் நான். தங்களுடைய 'நாட்டுக்கோழி மிளகு' சிப்ஸைப் பற்றித் தங்கள் விற்பனையாளரிடம் 3 முறை முறையிட்டும் பதில் வராததால், இதைப் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று.

சென்ற வாரம் பள்ளி விட்டு வந்த சிறுமி ஒருத்தி, சரத்திலிருந்து கிழித்துக் கொடுத்த 10 ரூபாய் பாக்கெட்டைப் பிரித்து, ஒரு வில்லையை என் கண்ணெதிரே வளைத்துக் காட்டினாள். அது உடையவில்லை, வெற்றிலையைப் போல மடிந்தது. "தாத்தா, நமுத்துப்போச்சு" என்றாள். மேலே கிடந்த வில்லைகள் வெளிறியிருக்க, மசாலா முழுவதும் அடிமூலையில் குவிந்திருந்தது. அதைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்பும் புளிப்பும் தெரிந்தனவே தவிர, மிளகு தெரியவில்லை. மாற்றிக் கொடுத்த பாக்கெட்டும் அப்படியே இருந்ததால் காசைத் திருப்பித் தந்தேன். என் கல்லாவிலிருந்து போன அந்தப் பணம், தங்கள் கணக்கில் இன்னமும் விற்பனைதான்.

நன்றாக வறுபட்ட வில்லையில் ஈரம் 2 விழுக்காடு அளவுக்குத்தான் இருக்கும் என்பதும், சூடு ஆறாமல் எண்ணெய் மினுமினுக்கும்போதே தூவினால்தான் மசாலா ஒட்டும் என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. பாக்கெட்டில் நைட்ரஜன் அடைத்தாலும், ஒட்டுவாய் சரியில்லையென்றால் ஐப்பசி மழையின் ஈரக்காற்று உள்ளே புகுந்துவிடும்; மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் எங்கள் ஊர் வெயிலோ எண்ணெயைச் சிக்கடிக்க வைத்துவிடும். ஆகவே, குளிரூட்டிய அறையில் அன்று வறுத்ததை அன்றே தின்று மதிப்பெண் போடாமல், கடையில் ஒரு மாதம் தொங்கிய பாக்கெட்டைப் பிரித்துச் சுவைத்துப் பாருங்கள் என்பதே என் கோரிக்கை.

கோழியின் பெயரோடு பச்சைப் புள்ளியும் அச்சாகியிருப்பதால், கோழிக்கு எந்தச் சேதமும் இல்லை என்று தெரிகிறது; மகிழ்ச்சி. மிளகுக்கும் சேதமில்லை போலும். எங்கள் தெருமுனையில் சிப்ஸ் போடுபவர், ஒவ்வொரு ஈடு எடுத்ததும் ஒரு வில்லையை ஒடித்து, சத்தம் கேட்ட பிறகே தட்டில் கொட்டுகிறார். அவருக்குக் குழுவும் இல்லை, மதிப்பெண் தாளும் இல்லை.

கோபத்தில் வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருள்க. தயவுகூர்ந்து ஒரு நாள் மாலை 4 மணிக்கு என் கடைக்கு வந்து, தொங்கும் சரத்திலிருந்து தாங்களே ஒரு பாக்கெட்டைக் கிழித்துச் சுவைத்துப் பாருங்கள். உட்காரப் பெஞ்சு இருக்கிறது. அந்தச் சிறுமியும் அந்நேரம் வருவாள். முதல் வில்லையை அவளே வளைத்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரி பெட்டிக்கடைக்காரன்