நீச்சல்குளப் பம்பு, உறிஞ்சுகுழாய் மறுசீரமைப்பு: பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொதுக்குழு ஒப்புதல் அளித்த நீச்சல்குளப் பம்பு மறுசீரமைப்புப் பணி நிறைவடைந்து, குளம் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்துள்ளது என்பதைச் செயற்குழு மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறது. வரவு செலவுக் கணக்கு தணிக்கைக்குப் பின் தனியே அனுப்பப்படும். எவை மாற்றப்பட்டன, ஏன் மாற்றப்பட்டன என்பதை மட்டும் இங்கே விளக்குகிறோம்.

நமது பம்பு குளத்தின் நீர்மட்டத்தைவிட 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் உள்ள நீர் குளத்துக்கே இறங்கிவிடும். மறுநாள் காலையில் பம்பின் முன்புறம் குப்பையைத் தடுக்கும் வடிகூடை வறண்டு கிடக்கும். பராமரிப்பாளர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிய பிறகே பம்பு நீரைப் பிடிக்கும். சில நாள் அதுவும் பிடிக்காமல், பம்பு காற்றிலேயே சுழன்றுகொண்டிருக்கும். சுழலும் தண்டின் வழியே நீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலின் இரு முகங்களையும் குளிர்விப்பதும் வழுக்கச் செய்வதும் அவற்றைச் சூழ்ந்துள்ள நீர்தான். அது இல்லாமல் ஓடியதால் சீல் திரும்பத் திரும்பக் கருகியது. அந்த வெப்பத்தில் பம்பின் வாயில் திருகியிருந்த பிவிசி இணைப்பும் இளகி, காற்று நுழைய இன்னொரு வழி உண்டாயிற்று.

நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு குழி வெட்டிப் பம்பை அதில் இறக்கிவிடலாம் என்று உறுப்பினர்கள் சிலர் எழுதியிருந்தனர். நீர் தானாகவே பம்புக்கு வந்து சேரும் என்பதால் அது நியாயமான யோசனையே. ஆயினும் மழைநீரோ கசிவோ குழியில் தேங்கினால் மோட்டார் மூழ்கும். குளத்தருகே ஈரத்தில் மின்சாதனம் நிற்பதைச் செயற்குழு ஏற்கத் தயங்கியது. பம்பு மேலேயே இருக்கட்டும், குழாய்களைச் சரியாக்குவோம் என்று முடிவெடுத்தோம்.

பம்பு நீரை இழுப்பதில்லை. அது தன் வாயிலில் அழுத்தத்தைக் குறைக்கிறது; குளத்தின் மேற்பரப்பை அழுத்தும் வளிமண்டலமே நீரை மேலே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் இவ்வழியாக நீர் ஏறக்கூடிய கோட்பாட்டு எல்லை சுமார் 10.3 மீட்டர், தானே நீர் பிடிக்கும் நீச்சல்குளப் பம்புகளுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் அளவோ 3 மீட்டரை ஒட்டியது. நமது 1.4 மீட்டர் அதற்குள் தாராளமாக அடங்குவதால், உயரத்தைக் குறை சொல்வதற்கில்லை. குறை முழுவதும் உறிஞ்சுகுழாயில் இருந்தது.

முதலில் குழாயின் அளவு. 180 கன மீட்டர் நீரை 6 மணி நேரத்தில் ஒருமுறை வடிகட்ட, மணிக்கு 30 கன மீட்டர் ஓட வேண்டும். பழைய 63 மி.மீ. குழாயில் அவ்வளவு நீர் ஓடினால் வேகம் நொடிக்கு 3 மீட்டரைத் தாண்டும். உறிஞ்சும் பக்கத்தில் 1.8 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான விதி. 12 மீட்டர் நீளக் குழாயில் உராய்வு இழப்பு மட்டுமே 2 மீட்டர் அளவுக்கு வந்தது, அதாவது நீரை உயர்த்தும் வேலையைவிட உராய்வைக் கடக்கும் வேலையே பெரிதாக இருந்தது. இப்போது குளத்தின் அடியில் உள்ள தரைத்துளைகளுக்கு ஒன்றும், மேற்பரப்பு நீரை உள்வாங்கும் ஸ்கிம்மருக்கு ஒன்றுமாக இரண்டு தனித்தனி 90 மி.மீ. குழாய்கள் பம்பு வரை வருகின்றன. ஒன்றை மூடி மற்றொன்றில் மட்டும் ஓட்டினாலும் வேகம் 1.5 மீட்டரைச் சுற்றியே நிற்கும். 110 மி.மீ. போடலாமே என்ற கேள்வியும் எழுந்தது. குழாய் பெருத்தால் பம்பு முதலில் வெளியேற்ற வேண்டிய காற்றும் பெருகும்: 90 மி.மீ. குழாயில் சுமார் 65 லிட்டர், 110 மி.மீ. குழாயில் 100 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. மேலே நிற்கும் பம்புக்கு அந்தக் கூடுதல் சுமை வேண்டாம் என்று கருதினோம்.

தரைத்துளைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று எட்டத்தில் அமைந்து ஒரே குழாயில் சேர்கின்றன. ஒரு துளையை யாருடைய உடலாவது மறைத்துக்கொண்டாலும் மற்றொன்று நீரைக் கொடுப்பதால், உறிஞ்சு விசை அவரைப் பிடித்துவைக்காது. இதில் எந்தச் சிக்கனமும் செய்யவில்லை.

அடுத்தது குழாயின் போக்கு. நடைபாதையைத் தோண்டியபோது, பழைய குழாய் ஒரு கான்கிரீட் உத்தரத்தின் மேல் ஏறி மறுபுறம் மீண்டும் இறங்கியிருந்தது தெரிந்தது. அந்த முதுகில் காற்று தங்கும். எவ்வளவு நீர் ஊற்றினாலும் வெளியேறாது. புதிய குழாய்கள் உத்தரத்தின் அடியில் சென்று, குளத்திலிருந்து பம்பு வரை எங்கும் தாழாமல் சீராக ஏறுகின்றன. விட்டம் குறையும் இடத்தில் மேற்புறம் மட்டமாக உள்ள ஒருபக்க ரெடியூசரையே (விட்டம் குறைக்கும் இணைப்பு) வைத்தோம்; அதன் மேற்புறத்தில் காற்று தங்காது. எல்போவை (வளைவு இணைப்பு) பம்பின் வாயருகே வைக்காமல், குழாய் விட்டத்தைப்போல் பல மடங்கு நீளத்துக்கு நேர்க்குழாயை விட்டிருக்கிறோம்.

காற்றுக் கசிவைக் கண்டுபிடித்ததே இப்பணியில் மிகவும் பொறுமை வேண்டிய பகுதி. நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பம்பில் இணைப்பு சரியில்லை என்றால், நிறுத்தியதும் சொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். மேலே உள்ள பம்பில் குழாயின் உட்புறம் எப்போதும் வெளியழுத்தத்தைவிடக் குறைந்தே இருப்பதால் ஒரு சொட்டும் வராது. காற்றுதான் உள்ளே போகும். பம்பு ஓடும்போது இணைப்புகளின் மேல் சவர நுரையைப் பூசிப் பார்த்ததில், கழற்றி மாட்டக்கூடிய இணைப்பான யூனியன் ஒன்றின் விளிம்பில் நுரை குழிந்து உள்ளே இழுபட்டது. பிரித்துப் பார்த்தால் ஓரிங்கில் (இணைப்பை இறுக்கும் ரப்பர் வளையம்) ஒரு மணல் துகள் அழுந்தி, மெல்லிய கீறல் விட்டிருந்தது. ஓரிங்குகள் அனைத்தையும் மாற்றி, சிலிக்கான் கிரீஸ் மட்டுமே தடவினோம். பெட்ரோலிய ஜெல்லி ரப்பரை உப்பச் செய்யும். மண்ணை மூடுவதற்கு முன் புதிய குழாய்களை நீரால் நிரப்பி அழுத்தச் சோதனை செய்தோம். அழுத்திய காற்றால் சோதிக்க அனுமதிக்கவில்லை, ஏனெனில் பிவிசி வெடித்தால் சில்லுகள் பறக்கும்.

அதன்பின், நீர் குளத்துக்குத் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வைப் பொருத்தாமலேயே இரவு முழுவதும் பம்பை நிறுத்திவைத்தோம். காலையில் கண்ணாடி மூடி வழியே பார்த்தபோது கூடை நிரம்பியே இருந்தது. இந்தச் சோதனையைச் செயற்குழு வலியுறுத்தியதற்குக் காரணம் உண்டு. செக் வால்வு நீரைத் தாங்கிக்கொள்வதால், கசிவு இருந்தாலும் பம்பு நிற்கும்போது அது வெளியே தெரியாமல் போய்விடும். குழாய் இறுக்கமானது என்று உறுதியான பிறகே, குளத்தருகே உள்ள தொட்டியில், ஒவ்வொரு குழாயிலும் ஒரு ஸ்விங் செக் வால்வு கிடைமட்டமாகப் பொருத்தப்பட்டது.

நீர் பிடிக்க வைக்கும் முறை பம்பு அறையில் எழுதி ஒட்டப்பட்டுள்ளது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஸ்கிம்மர் வால்வை மூடி, எப்போதும் நீருக்குள் இருக்கும் தரைத்துளைக் குழாயை மட்டும் திறந்துவைக்க வேண்டும். கூடையை விளிம்புவரை நிரப்பி, ஓரிங்கைத் துடைத்து மூடியை இறுக்க வேண்டும். வடிகட்டியின் காற்றுப்போக்கியும் டெலிவரி (நீர் வெளியேறும் பக்க) வால்வும் திறந்திருப்பது அவசியம், ஏனென்றால் பம்பு தன் உட்கூட்டில் உள்ள நீரோடு காற்றைக் கலந்து டெலிவரி வழியாகத்தான் வெளியேற்றுகிறது. அவ்வழி அடைபட்டால் எவ்வளவு நேரம் ஓடினாலும் பயனில்லை. காற்றுப்போக்கியில் நீர் பீச்சியதும் அதை மூடி, ஸ்கிம்மர் வால்வை மெதுவாகத் திறக்கலாம். சில நிமிடங்களில் நீர் வராவிட்டால் மோட்டாரை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். ஓடவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

பம்பின் வாயருகே பொருத்திய வெற்றிடமானி (அழுத்தம் எவ்வளவு குறைந்துள்ளது என்று காட்டும் கருவி) இப்போது சுமார் 120 மி.மீ. பாதரசத்தைக் காட்டுகிறது. அதில் ஏறத்தாழ 103 மி.மீ. நீரை 1.4 மீட்டர் உயர்த்துவதற்கே செலவாகிறது. அளவு கூடினால் உறிஞ்சும் வழியில் அடைப்பு இருக்கிறது. குறைந்து, குளத்துக்குத் திரும்பும் நீரில் குமிழிகளும் வந்தால் காற்று புகுகிறது. குளத்தின் நீர்மட்டம் ஸ்கிம்மர் வாயின் பாதிக்குக் கீழே இறங்காமல் பராமரிப்பாளர் நாள்தோறும் பார்த்துக்கொள்வார்.

நடைபாதையில் பெயர்த்த கற்களை மீண்டும் பதிக்கும் வேலை மட்டும் எஞ்சியுள்ளது. மண் நன்றாகப் படிந்த பிறகு அது நடைபெறும். அதுவரை அவ்விடத்தில் கனமான வண்டிகளை நிறுத்த வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம். குழாய்கள் செல்லும் ஆழத்தையும் திசையையும் காட்டும் வரைபடமும், உதிரி ஓரிங்குகளும் ஒரு மெக்கானிக்கல் சீலும் அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
செயற்குழு