முகூர்த்தக் கோட்டும் அடைமழைக் கோட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் ஆண்களுக்கான கோட்டு, ஜெர்கின் வகைகளைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எந்த நிறக் கோட்டுக்கு எந்தக் கால்சட்டை பொருந்தும், கழுத்துப்பட்டை எவ்வளவு அகலம் இருக்கலாம் என்றெல்லாம் அழகாகச் சொல்லியிருந்த அக்கட்டுரையில், அதை அணிபவர் எந்த ஊர்க் காற்றில் நிற்கப் போகிறார் என்ற கேள்வி மட்டும் எழவேயில்லை. கும்பகோணத்தில் தையற்கடை நடத்துபவன் என்ற முறையில் அது குறித்துச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். டெல்டா மாவட்டங்களில் ஆண்கள் மேலுடுப்புக்குச் செலவிடும் பணம் பெரும்பாலும் தவறான இடத்திற்கே போகிறது என்பது என் கருத்து. ஒரு மாலைப் பொழுது அணியும் வரவேற்புக் கோட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் நாம், ஐப்பசியும் கார்த்திகையும் உடம்பிலேயே கிடக்கும் மழைக்கோட்டைச் சாலையோரத்தில் பேரம் பேசி வாங்குகிறோம்.

ஜானவாச (மாப்பிள்ளை அழைப்பு) ஊர்வலத்துக்காக மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு எடுத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் சில குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். மண்டப வரவேற்பு வந்த பிறகு எல்லா வீட்டுத் திருமணங்களிலும் கோட்டு நுழைந்துவிட்டது. வைகாசி பிறந்ததும் வரும் முகூர்த்தங்கள் கத்திரி வெயிலிலேயே அமைகின்றன. குளிர்சாதன வசதியில்லாத மண்டபத்தில், வீடியோ விளக்குகளுக்கு எதிரே, பாலியஸ்டர் துணியில் முழு லைனிங் (உள்துணி) வைத்துத் தைத்த கருநீலக் கோட்டோடு நின்று, வருகிற உறவினர் அனைவருக்கும் கைகூப்பும் மாப்பிள்ளையைப் பார்க்கவே பாவமாக இருக்கும். வயலும் வாய்க்காலும் சூழ்ந்த இந்தப் பகுதியில் வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், புழுக்கத்தைப் பொறுக்க முடியாது. வியர்வை ஆவியாக வழியில்லாத துணி எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் இங்கே அது சுமைதான்.

கம்பளி என்றதும் நம்மவர்கள் அஞ்சுகிறார்கள். ஆனால் முறுக்கேறிய மெல்லிய கம்பளி நூலில், சதுர மீட்டருக்கு 220 முதல் 260 கிராம் எடைக்குள், சற்றே நெகிழ்வாக நெய்த துணி, பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த டெரிவிஸ்கோஸைவிட நன்றாகக் காற்று விடும். பகல் நிகழ்ச்சிக்கு லினன் ஏற்றது. அது கசங்கும், கசங்கினால் கசங்கட்டும். முதுகில் லைனிங் இல்லாமல் தோளிலும் கையிலும் மட்டும் வைத்துத் தைக்கச் சொன்னால் பாதிச் சூடு குறையும். மார்புப் பகுதியின் உள்ளே விறைப்புக்காக வைத்திருப்பது தைத்த கேன்வாஸா, பசையால் ஒட்டிய பியூசிங்கா என்று கேட்க வேண்டும். மலிவான பியூசிங், ஓரிரு சலவைக்குப் பின் பசை விட்டுக் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். பொத்தானுக்கு மேலே உள்ள துணியை இரு விரலால் கிள்ளிப் பிரித்துப் பார்த்தால், கேன்வாஸ் இருந்தால் நடுவில் ஓர் அடுக்கு தனியே நழுவுவது கைக்குத் தெரியும்.

அளவில் முதலில் பார்க்க வேண்டியது தோள். தோள் எலும்பு முடியும் இடத்தில் தையல் முடிய வேண்டும். இடுப்பையும் கை நீளத்தையும் ஆல்ட்ரேஷனில் சரிசெய்துவிடலாம்; தோளைப் பிரித்துத் தைப்பது புதுக்கோட்டு தைப்பதற்கு ஒப்பான வேலை. கோட்டின் கைக்குக் கீழே சட்டைக் கை அரை அங்குலம் தெரிந்தால் போதும். பந்தியில் அமரும்போது பொத்தானைக் கழற்றிவிட வேண்டும் என்பதை எத்தனை பேரிடம் சொன்னாலும் கேட்பதில்லை. அந்த ஒரு மாலையைத் தவிர வேறெங்கும் அணியப் போவதில்லை என்று தெரிந்தவர்கள் தைக்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள் என்பேன். என் தொழிலுக்கு இது நஷ்டம்தான்.

வேட்டிக்கு மேல் கழுத்து மூடிய கோட்டு அணிந்த பெரியவர்களின் படங்கள் தஞ்சை மாவட்டத்துப் பழைய வீடுகளில் இன்னும் தொங்குகின்றன. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ஷெர்வானி அணிந்து மேடையேறியது, நாதசுரக் கலைஞருக்கு உரிய மதிப்பைக் கேட்டுப் பெறும் செயலாகவே அந்நாளில் பார்க்கப்பட்டது. கழுத்து மூடிய பருத்திக் கோட்டும் சரிகை வேட்டியும் இன்றைய மாப்பிள்ளைக்கும் பொருந்தும். டையும் வேண்டாம், மூச்சும் முட்டாது. வேட்டி கட்டி வருபவரைத் தடுக்கக் கூடாது என்று 2014-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்துவிட்டதால் இங்கே எந்தக் கிளப்புக்கும் அந்த உடையில் போகலாம்.

அலுவல் சார்ந்த கோட்டைப் பொறுத்தவரை, விதிகளே நம்மைவிட இரக்கமுள்ளவை. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் நீங்கலாக மற்ற நீதிமன்றங்களில் கோடைக்காலத்தில் வழக்கறிஞர்கள் கறுப்புக் கோட்டு அணிவது கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதி சொல்கிறது. ஜூன் மாதப் புழுக்கத்தில் சிறுபிள்ளைகளுக்கு டையும் பிளேசரும் மாட்டி அனுப்பச் சொல்லும் பள்ளி நிர்வாகிகள் இந்த விதியை ஒருமுறை படிக்கலாம்.

இனி மழைக்கோட்டு. முன்பு சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு வயலில் இறங்கினார்கள். அது நனைந்து கனத்தாலும், நாற்றங்காலில் குனிந்து நாற்றுப் பறிப்பவரின் முதுகை மூடிக் கைகளை விட்டுவைத்தது. முழங்காலுக்குக் கீழே தொங்கும் இன்றைய கோட்டு அந்த வேலைக்கு உதவாது. இடுப்பளவு மேற்சட்டையே அதற்குச் சரி. துணியில் நீர் புகாது என்று விற்பனையாளர் தண்ணீர் ஊற்றிக் காட்டுவார். மழைக்கோட்டில் நீர் புகும் இடம் தையல். ஊசி போன துளையெல்லாம் மழைக்கு வழி. ஆகவே கோட்டை உள்பக்கம் புரட்டி, தையலின் மேல் சூடேற்றி ஒட்டிய நாடா தோளிலும் அக்குளிலும் அறுபடாமல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஜிப்பின் மேல் மூடுபட்டை இருக்க வேண்டும். மலிவான பி.வி.சி. கோட்டை மடித்து வண்டிப் பெட்டியில் போட்டு வைத்தால் மடிப்பு விழுந்த இடத்திலேயே வெடிக்கும். பூச்சுக் கொடுத்த நைலான் கூடுதல் காலம் உழைக்கும். அக்குளிலோ முதுகிலோ காற்றுத் துளைகள் இல்லையென்றால், மழைக்கு நனையாதவர் வியர்வைக்கு நனைவார்.

இருசக்கர வண்டி ஓட்டுபவர்கள் மேற்சட்டையும் கால்சட்டையும் தனித்தனியாக உள்ளதையே வாங்க வேண்டும். போர்வை போல் விரியும் வகை காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கக்கூடும். கடையிலேயே அணிந்து, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் கைகளை நீட்டிப் பார்த்தால் மணிக்கட்டு வெளியே தெரிகிறதா என்பது விளங்கும். நிறம் மஞ்சளோ ஆரஞ்சோ இருக்கட்டும், முதுகில் ஒளி திருப்பும் பட்டை இருக்கட்டும். கொள்ளிடக் கரைச் சாலையில் மழை இரவில் கறுப்புக் கோட்டோடு போகிறவர், பின்னால் வரும் லாரி ஓட்டுநரின் கண்ணுக்கு மிக அருகில் வரும்வரை தெரிவதில்லை. அறுவடைக் காலத்துப் பனிமூட்டத்திலும் இதே அபாயம் உண்டு.

மார்கழிக் குளிர் இங்கே 20 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்பதால் மெல்லிய ஜெர்கினோ ஸ்வெட்டரோ போதும்; பஞ்சு அடைத்த தடித்த ஜெர்கின் ஊட்டிக்கும் டெல்லிக்கும் உரியது. ஆனால் ஜெர்கின் விபத்திலிருந்து காக்கும் என்று இளைஞர்கள் நினைப்பது தவறு. நைலான் சாலையில் உராய்ந்தால் உருகித் தோலில் ஒட்டும். நெடுந்தூரம் வண்டி ஓட்டுபவர் தோள், முழங்கை, முதுகு ஆகிய இடங்களில் தகடு பொருத்திய, காற்றோட்டமான வலைத்துணி ரைடிங் ஜாக்கெட்டை வாங்க வேண்டும்.

நாகை, பூம்புகார் கரையிலிருந்து கடலுக்குப் போகிறவர்களின் உயிர்காப்பு மேலங்கியை நான் தைப்பவன் அல்லன் என்றாலும் அதையும் சொல்ல வேண்டும். 50 நியூட்டன் (மிதக்க வைக்கும் விசையின் அலகு) மிதப்பு என்று குறித்த மேலங்கி, நீந்தத் தெரிந்தவர் கரையருகே அணிவதற்கானது. மயங்கியவரையும் முகம் மேலே இருக்கும்படி திருப்புவதற்கென்று வடிவமைக்கப்பட்டது, கழுத்துப் பகுதி தடித்த 150 நியூட்டன் வகை. மேலங்கியைப் படகில் இருக்கையாகப் போட்டு உட்கார்ந்தால் உள்ளிருக்கும் நுரை நசுங்கி மிதப்பு குறையும்.

தீபாவளி வருவது ஐப்பசியில், மழையும் வருவது ஐப்பசியில். ஆகவே புரட்டாசியில் வெளியாகும் தங்கள் புத்தாடைச் சிறப்பிதழில் மழைக்கோட்டுக்கென ஒரு பக்கம் ஒதுக்க வேண்டுமென்றும், அதில் தையல் நாடாவின் படத்தைப் பெரிதாக வெளியிட வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறேன். ஜவுளிக்கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பட்டுப்புடவையை விரித்துக் காட்டும் அதே பொறுமையோடு, மழைக்கோட்டையும் உள்பக்கம் புரட்டிக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்.