இந்த வருஷமும் லெவல் 4

உ
சிவமயம்

பள்ளத்தூர்

அன்புள்ள மகன் தம்பிக்கு அப்பச்சி எழுதுவது.

இங்கு நானும் உன் ஆத்தாவும் நலம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நீ பேசவில்லை. வேலை மிகுதி என்று மருமகள் சொன்னாள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். போனில் பேசினால் நான் சொல்ல வந்ததைப் பாதியிலேயே நீ முடித்துவைத்துவிடுவாய் என்பதால் பழைய வழக்கப்படி எழுதுகிறேன். கடைசி வரை படி.

பெரியவனை ஜிம்னாஸ்டிக்ஸில் இந்த வருஷமும் லெவல் 4-இலேயே வைத்திருக்கப்போவதாக அவனுடைய கோச் சொல்லிவிட்டார் என்றும், கூடப் பழகிய பையன்கள் மூன்று பேர் லெவல் 5-க்குப் போகிறார்கள் என்றும், அதற்காக நீ அவரிடம் சற்று உரக்கப் பேசிவிட்டாய் என்றும், ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் வேறொரு ஜிம்மில் உடனே லெவல் 5-இல் சேர்த்துக்கொள்ள இசைந்திருக்கிறார்கள் என்றும் உன் ஆத்தா வழியாக என் காதுக்கு வந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் பிள்ளை, உன் பணம், நீ இருக்கும் ஊர். ஆனாலும் அவனுக்கு வைத்திருப்பதும் போட்டியில் ஒலிபெருக்கியில் கூப்பிடுவதும் என் பெயரைத்தான் என்பதால், இரண்டு வார்த்தை சொல்ல எனக்கும் பாத்தியதை உண்டு. (உன் ஆத்தா இன்றுவரை வாயால் சொல்லாத பெயரை ஒரு வெள்ளைக்காரர் திருகித் திருகிச் சொன்னதை நீ அனுப்பிய வீடியோவில் கேட்டுவிட்டு, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.)

போன கோடையில் அவன் இங்கு வந்திருந்தபோது, வீட்டு முகப்பிலிருந்து உள்ளே வளவு வரை தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் மேல் தலைகீழாகக் கையாலேயே நடந்து வந்ததை நான் மறக்கவில்லை. உன் ஐயா, என் தகப்பனார், இருந்திருந்தால் பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்தபடி அதை ஊரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. உன்னைக் காட்டிலும் கூடுதலாகவே உண்டு என்று வைத்துக்கொள். அவனுடைய கைகளைக் கவனித்துக்கொள். இரவில் எண்ணெய் தடவி விடச் சொல்.

இந்த லெவல் விவரம் எனக்குப் புரியாது என்று நீ நினைக்கலாம். அவனே எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறான். ஆண் பிள்ளைகளுக்கு ஆறு பிரிவு: தரை, கைப்பிடி வைத்த குதிரை, வளையம், ஓடிவந்து தாவும் வால்ட், இணைகம்பி, உயரக் கம்பி. கீழ் லெவல்களில் எல்லாப் பையன்களும் ஒரே அசைவுகளை ஒரே வரிசையில் செய்ய வேண்டும். முழங்கால் மடங்கினால், பாதம் கூர்மையாக நீளாவிட்டால், இறங்கும்போது ஓர் அடி தள்ளி வைத்தால், ஒவ்வொன்றுக்கும் கழித்துக்கொண்டே போவார்கள். மேலே போனால்தான் அவரவர் வலுவுக்கு ஏற்றபடி தாமே அமைத்துக்கொள்ளலாம். ஆகவே லெவல் 4-இல் இன்னொரு வருஷம் என்பது தோற்ற வகுப்பில் திரும்ப உட்காருவதன்று. கைப்பிடி வைத்த குதிரைக்குப் போவதற்கு முன்பு காளான் போன்ற அந்தக் குட்டை மேடையில் எத்தனை நூறு வட்டம் சுற்ற வேண்டும் என்று அவன்தான் கணக்குச் சொன்னான். அப்படிச் சுற்றும் நேரமெல்லாம் உடம்பின் பாரம் முழுவதையும் கைதான் தாங்குகிறது. கையைக் கவனித்துக்கொள் என்று மறுபடியும் சொல்கிறேன்.

உன் ஐயா பன்னிரண்டு வயதில் ரங்கூன் மொகல் தெருவில் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடை எடுபிடியாக, போய் உட்கார்ந்தவர். கூட வந்த பையன் மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாகிப் பேரேட்டில் கை வைத்த பிறகும், இவர் இன்னொரு கணக்கு, அதாவது முழுசாக மூன்று வருஷம், கடை இருந்த கிட்டங்கியில் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டும் ஏட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டும் இருந்தார். பிற்பாடு யாருடைய ஐந்தொகை ஒரு பைசா பிசகாமல் நின்றது என்பது உனக்குத் தெரியும். சொல்லிச் சொல்லி நானே உனக்கு அலுப்பூட்டியிருக்கிறேன்.

இன்னொன்றையும் எண்ணிப் பார். பெரியவர்களுக்கான சர்வதேசப் போட்டிகளில் ஆண்கள் 18 வயதாகும் வருஷத்தில்தான் இறங்க முடியும். ஜப்பானின் கோஹெய் உச்சிமுரா 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் இரண்டாம் முறையாக ஆறு பிரிவுக்கும் சேர்ந்த ஒட்டுமொத்தத் தங்கத்தை வென்றபோது அவருக்கு 27 வயது. பையன்களுக்கு வளையத்தில் நிற்கும் வலு மீசை முளைத்த பிறகுதான் தேறும். நம் பிள்ளைக்குப் பத்து வயது. எதற்காக இந்த அவசரம்? உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. இரண்டு ஜிம்மையும் வீட்டையும் அலுவலகத்தையும் வைத்து நீ எவ்வளவு ஓடுகிறாய் என்று மருமகள் சொல்லாமலில்லை. ஆனால் பிள்ளையின் எதிரில் கோச்சிடம் குரலை உயர்த்தியிருக்க வேண்டாம். அவன் அதற்குப் பிறகு உன் முகத்தைப் பார்த்துத்தான் எதையும் பேசுகிறான்.

2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஆண்கள் அணிக்கு 2008-க்குப் பிறகு முதல் தடவையாகப் பதக்கம் கிடைத்ததே, அதில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குதிரையில் மட்டும் ஏறினாரே ஸ்டீபன் நெடோரோசிக், அவருடைய படத்தை அவன் தன் அறையில் ஒட்டியிருப்பதாகச் சொன்னான். "அவருக்கும் கண்ணில் கோளாறு உண்டு ஐயா, நம்ம அப்பச்சியைப் போலவே" என்று உன்னைச் சொன்னான். அன்று முதல் எனக்குச் சரியாக உறக்கம் இல்லை, தம்பி.

மூன்றாம் வகுப்பிலிருந்து உன்னை நேரே ஐந்தாம் வகுப்பில் போடச் சொல்லித் தலைமையாசிரியர் வீட்டு வாசலில் போய் நின்றது நான். டபுள் பிரமோஷன் வாங்கிய பிள்ளை என்று கோயில் வாசலில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் எல்லாம் சொல்லிக்கொண்டேன். கடைசி வரிசையில் உனக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று கார்த்திகை மாதமே ஆத்தாவிடம் சொன்னாயே, அவள் அன்று இரவே என்னிடம் சொல்லிவிட்டாள். கண்ணும் தெரியாத பிள்ளையை ஏன் தூக்கி மேலே வைத்தீர்கள் என்று அந்த மனிதர் கேட்பாரோ என்று கூசிக்கொண்டு, முழுப் பரீட்சை முடியட்டும் என்றேன். சித்திரையில்தான் மதுரைக்குக் கூட்டிப்போய் உனக்குக் கண்ணாடி வாங்கினேன். டாக்டர் எதிரிலேயே, இதை ஏனடா எங்களிடம் சொல்லவில்லை என்று உன்னை ஏசினேன். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். எனக்கு ஐந்தாறு மாதமாகவே தெரியும் என்பதை உன்னிடம் நான் இதுவரை சொன்னதில்லை.

போன மாதம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது பெரியவன் தரையிலிருந்து எழுந்தான். உள்ளங்கையை ஊன்றாமல் முஷ்டியை ஊன்றி எழுந்தான். ஏன் என்று கேட்டேன். கேமராவுக்கு மிக அருகில் வந்து, "மணிக்கட்டு வலிக்கிறது ஐயா, அப்பச்சியிடம் சொல்லாதீர்கள், புது ஜிம்முக்கு நான் போக வேண்டும் என்று அவர்கள் ஆசைப்படுகிறார்கள்" என்றான். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இப்போது அதை மீறுகிறேன். என் முழங்காலுக்காகப் போனபோது எலும்பு டாக்டரிடம் இதையும் விசாரித்தேன். வளரும் பிள்ளைகளுக்கு முன்கை எலும்பு மணிக்கட்டைத் தொடும் நுனியில் இன்னும் இறுகாத பகுதி ஒன்று உண்டாம். எலும்பு அங்கேதான் நீள்கிறதாம். கால் தாங்க வேண்டிய பாரத்தைக் கை தாங்கினால் அந்த இடம் நோகும், கையை ஊன்றாமல் சில வாரம் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும், வலியை மறைத்துக்கொண்டு தொடர்ந்தால் எலும்பின் வளர்ச்சியே பிசகலாம் என்றார்.

அவனை ஏசாதே. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. நான் எழுதியதாகவும் காட்டிக்கொள்ளாதே. பிறகு அவன் என்னிடமும் சொல்லமாட்டான். எண்ணெய் தடவும் சாக்கில் நீயாகவே தொட்டுப் பார்த்ததாக இருக்கட்டும். மறுநாளே ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடு.

வலது கை. பெருவிரல் பக்கம்.

அன்புடன்,
அப்பச்சி