முட்டமே போதும் என்ற மக்காவுக்கு

மக்கா,

கேரளத்து வர்க்கலைக் கடற்கரைப் பயணத்திலிருந்து நீ கடைசி நேரத்தில் கழன்றுகொண்டதுகூடப் பரவாயில்லை, அதற்குச் சொன்ன காரணம்தான் இன்னும் உறுத்துகிறது. "நம்ம குமரிக் கடலோர முட்டத்தில் இல்லாத பாறையா? அதைப் பார்க்க வர்க்கலை வரை ரயிலேறணுமா?" சரி, கேட்டுக்கோ.

சனிக்கிழமை குழித்துறையில் ஏறிப் போய், வர்க்கலையின் பாபநாசம் கடற்கரையிலிருந்து வடக்கே ஓடயம் வரை, கடலோரச் செங்குத்து மேட்டின் விளிம்போரமாகவே நடந்தோம். முட்டத்தில் இருப்பது நல்ல கெட்டிப் பாறை. இங்கே நிற்பது மண்சுவர் மக்கா. மேலே, நம்ம பக்கம் பழைய வீடுகளில் இருக்கிற அதே சிவப்பு வெட்டுக்கல் (லேட்டரைட்). கீழே மணற்கல்லும் களிமண்ணும். மழைத்தண்ணீர் மேலிருந்து ஊறி இறங்கி, களிமண்ணில் வழியில்லாமல் முட்டி, பக்கவாட்டில் ஊற்றாகக் கசிகிறது. அலைக்குப் பத்தடி தள்ளி, சுவரில் கைவைத்து, விரலிடுக்கில் வழிந்ததை நக்கிப் பார்த்தேன். துளி உப்பு இல்லை. அந்தத் தண்ணீர்தான் உள்ளே களிமண்ணை இளக்குகிறது, அடியில் அலை அரிக்கிறது, அப்புறம் அந்தரத்தில் தொங்கும் வெட்டுக்கல் ஒருநாள் பொத்தென்று விழுகிறது. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் புவிச் சின்னமாக அறிவித்த இடம், அதன் தலைமேல் வரிசையாக ரிசார்ட்டும் ஓட்டலும்! (நாங்கள் தங்கிய லாட்ஜில் கடல் தெரியும் ரூம் என்று கூடுதலாக வாங்கினார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த்தொட்டி.)

ஞாயிறு காலை தெற்கே அஞ்சுதெங்கு. ஒருபக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவில் மீனவர் வீடுகளும் ஒரு கோட்டையும். அப்போது இந்தப் பகுதியை ஆண்ட ஆற்றிங்கல் ராணியிடம் அனுமதி வாங்கி, மிளகுக்காக ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-களில் கட்டியது. உள்ளே புல்லும் சுவரும்தான், பத்து நிமிடத்தில் சுற்றிவிடலாம். ஆனால் நான் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். திருவிதாங்கூர் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த 1741 குளச்சல் போரைப் பற்றி நமக்குத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரியும், இல்லையா? அதற்கு 20 வருடம் முன்னாடி, 1721-ல், மிளகு வியாபாரத்தில் கம்பெனிக்காரர்கள் செய்த தில்லுமுல்லில் கொதித்துப்போயிருந்த ஊர்க்காரர்கள், ராணிக்குப் பரிசு கொண்டுபோன கம்பெனிக் கூட்டத்தையே மடக்கி, சுமார் 140 பேரைக் கொன்றிருக்கிறார்கள். பிறகு இந்தக் கோட்டையை ஆறு மாதம் முற்றுகையிட்டிருக்கிறார்கள். ரயிலில் ரெண்டு மணிநேரத் தூரத்தில் நடந்தது, ஒரு வாத்தியாராவது நமக்குச் சொன்னாரா?

அடுத்த மாதம் உன்னோடு முட்டம் வருகிறேன். மறுநாள் நீ அஞ்சுதெங்கு வரணும், டிக்கெட் உன் செலவு.