முதல் குரூஸர் வாங்க வர்ற பையனுக்கு கம்பெனி பேட்ஜ விக்காதீங்க: ரைடிங் சீனியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரைடுல முன்னாடி போற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். எப்பவும் கடைசியா வர்றவன் எழுதுறேன். யாராச்சும் வழி மாறிட்டா, யாரு வண்டியாச்சும் நின்னுட்டா அத பாத்துக்குற வேலைய எனக்குத்தான் குடுத்திருக்கீங்க, அதனால உங்க எல்லாரு வண்டியோட பின்பக்கமும் எனக்கு மனப்பாடம், எதுல ஆயில் லீக் ஆகுது எதோட பின் டயர் நடுவுல தேஞ்சு தட்டையாயிருக்குன்னு கண்ண மூடிட்டு சொல்லுவேன். ஆனா இப்ப எழுதுறது அதுக்கில்ல.

போன தடவை வண்டிய ஓரங்கட்டி நின்னப்ப ஒரு பையன் வந்தானே ஞாபகம் இருக்கா. ஹெல்மெட்ட கக்கத்துல வச்சுக்கிட்டு "அண்ணா, முதல் தடவையா ஒரு குரூஸர் வாங்கலாம்னு இருக்கேன், எத வாங்கலாம்"னு கேட்டான். குரூஸர்னா தாழ்வான சீட்டுல சாவகாசமா உக்காந்து ஓட்டுற பெரிய மோட்டார் சைக்கிள். கேட்டது அவ்வளவுதான். அரை மணி நேரம் ஓடிப்போச்சு. ஒருத்தர் அமெரிக்காவோட ஹார்லி-டேவிட்சன் தவிர மத்ததெல்லாம் வேஷம்னாரு, இன்னொருத்தர் இந்தியன்ங்குற அமெரிக்க பிராண்ட்தான் 1901லயே வந்த மூத்த கம்பெனி, ஹார்லி 1903னு வருஷக் கணக்க எடுத்தாரு, ஜப்பான் வண்டி வச்சிருக்குறவரு "நீங்கள்லாம் டீ-ஷர்ட்டுக்கு காசு குடுத்துட்டு வண்டிய ஃப்ரீயா வாங்கிட்டு வந்தவங்க"ன்னு சீண்டினாரு, அதுக்கப்புறம் அது எங்கெங்கயோ போயிடுச்சு. அந்தப் பையனோட உயரம் என்ன, தினமும் வேலைக்கு ஓட்டப் போறானா இல்ல லீவு நாள்ல மட்டுமா, பின்னாடி யாராச்சும் உக்காருவாங்களா, லோன் தவணை போக மாசம் கையில என்ன மிஞ்சும்னு ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல. அதுதான் உறுத்திக்கிட்டே இருக்கு, அதனாலதான் இந்த மடல்.

ஏன்னா அதே மாதிரி ஒரு நாள்ல அதே கேள்விய கேட்டவன் நான். இதே மாதிரி பதில்தான் கிடைச்சுது. பேரு பெருசா இருந்த ஒரு வண்டிய செகண்ட் ஹேண்ட்ல வாங்குனேன், எந்த கம்பெனின்னு சொல்ல மாட்டேன், சொன்னா இந்த மடல்ல மிச்சத்த நீங்க படிக்கவே மாட்டீங்க, அந்தப் பேரப் பத்தியே சண்டை போட்டுட்டு இருப்பீங்க. இருந்த காசு மொத்தத்தையும் துடைச்சு வண்டி விலைக்கே போட்டுட்டேன். மூணாவது மாசம் ரெண்டு டயரும் மாத்தணும்னாங்க, கூடவே பெரிய சர்வீஸும் வந்துச்சு, கையில ஒண்ணும் இல்ல. நாலு மாசம் கவர் போட்டு நின்னுச்சு வண்டி. வண்டி மேல தப்பே இல்ல, கணக்கு தப்பு. வாங்குற விலைய மட்டும் கணக்குல வச்சுட்டு வச்சுக்குற செலவ விட்டுட்டேன், எனக்கு சொன்னவங்களும் அத விட்டுட்டாங்க.

பிராண்ட் பாசம் தப்புன்னு சொல்ல வரல. அது எப்படி உண்டாச்சுன்னு பாத்தா எனக்கே சுவாரசியமா இருக்கு. ஹார்லிய 1969ல ஏஎம்எஃப்ங்குற கம்பெனி வாங்குச்சு, பவுலிங் விளையாட்டு சாமான் செஞ்சு பேர் வாங்குன கம்பெனி அது, அந்தக் காலத்துல தரம் இறங்கிப் போனத ஹார்லி ஆளுங்களே ஒத்துப்பாங்க. 1981ல உள்ள இருந்த 13 பேரு சேந்து கடன் வாங்கி கம்பெனிய திரும்ப வாங்குனாங்க. 1983ல அமெரிக்க அரசு 700 சிசிக்கு மேல இருக்குற இறக்குமதி வண்டிக்கு 4.4 சதவீதமா இருந்த வரிய 49.4 சதவீதத்துக்கு ஏத்துச்சு. ஜப்பான்காரங்க சும்மா இருப்பாங்களா, 750 வண்டிய இழுத்துப் பிடிச்சு 699 சிசி ஆக்கி வரிக்கு கீழ நுழைஞ்சுட்டாங்க, ஹோண்டாவோட ஷேடோங்குற குரூஸர் கூட அப்படித்தான் 700 ஆச்சு. அதே 1983லதான் ஹார்லி தன் ஓனர்களுக்குன்னு ஹாக்னு ஒரு குரூப்பையும் ஆரம்பிச்சுது. வரியும் பாசமும் ஒரே வருஷத்துல பொறந்திருக்கு பாருங்க. 1987ல வரி முடியறதுக்கு முன்னாடியே "இனி எங்களுக்கு வேண்டாம்"னு ஹார்லியே சொல்லிடுச்சு, அது வேற பெருமை, அந்தப் பெருமைய நான் குறைக்கல.

சத்தத்தப் பத்தியும் சொல்லணும், ஏன்னா எந்த வாக்குவாதமும் கடைசியில சத்தத்துலதான் வந்து நிக்கும். ஹார்லி இன்ஜின் 45 டிகிரி வி-ட்வின், அதாவது ரெண்டு சிலிண்டரும் V மாதிரி விரிஞ்சு நிக்கும், ரெண்டு பிஸ்டனையும் பிடிச்சிருக்குற கனெக்டிங் ராடு ரெண்டும் சுத்துற கிராங்க்ல ஒரே பின்னுல மாட்டியிருக்கும், அதனால ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவுல 315 டிகிரி, அப்புறம் 405 டிகிரி, இப்படி நொண்டி நொண்டி அடிக்கிற அந்த தாளம்தான் மனுஷன மயக்குது. ஹார்லி 1994ல அந்த சத்தத்துக்கே டிரேட்மார்க் கேட்டு மனு போட்டுச்சு, போட்டிக் கம்பெனிங்க எதிர்த்தாங்க, 2000ல அதுவே திரும்ப வாங்கிக்கிச்சு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை ஹோண்டாவோடது. அவங்க ஷேடோ 1100ல ரெண்டு கிராங்க் பின்ன தள்ளித் தள்ளி வச்சு அதிர்வ அழகா அடக்கி வச்சிருந்தாங்க, 1995ல ஏஸ்னு ஒரு மாடல் வந்தப்ப வேணும்னே ஒத்தை பின்னுக்கு மாறினாங்க, அதிர்ந்தா அதிரட்டும், சத்தம் அந்த மாதிரி வரணும்னு. நல்லா ஓடுற இன்ஜினியரிங்க ஆசைக்காக ஒரு படி பின்னாடி எடுத்துட்டுப் போனாங்க. அதனால சத்தத்துக்கு காசு குடுக்குறது முட்டாள்தனம்னு நான் சொல்ல மாட்டேன், அதுக்கு விலை இருக்கு, மனசார குடுக்கலாம். ஆனா எதுக்கு குடுக்குறோம்னு அந்தப் பையனுக்குத் தெரியணும்ல.

பாசம் ஒருவழிப் பாதையா ஆகுறதும் உண்டு. விக்டரி வண்டி வச்சிருந்தவங்கள கேட்டுப் பாருங்க. போலாரிஸ்ங்குற அமெரிக்க கம்பெனி 1998ல ஆரம்பிச்ச பிராண்ட், நல்ல வண்டிங்க, உயிரா இருந்தாங்க அதோட ஓனருங்க. 2017 ஜனவரியில மூடுறோம்னு அறிவிச்சாங்க, ஸ்பேர் பார்ட்ஸ் 10 வருஷம் குடுப்போம்னாங்க. பச்சை குத்திக்கிட்டவங்களும் இருந்தாங்க, என்ன செய்ய. அதே போலாரிஸ்தான் 2011ல இந்தியன்ங்குற பேர வாங்குச்சு. அமெரிக்காவுல ஸ்பிரிங்ஃபீல்டுங்குற ஊர்ல 1953லயே நின்னு போன கம்பெனியோட பேரு அது, நடுவுல எத்தனையோ கை மாறி வந்துச்சு. "1901ல இருந்து"ன்னு டேங்க்ல எழுதுறது சரிதான், ஆனா 1901ல செஞ்சவங்களுக்கும் இப்ப செய்றவங்களுக்கும் நடுவுல பேர் மட்டும்தான் கை மாறி வந்திருக்கு. வண்டி நல்ல வண்டி, அது வேற விஷயம்.

சரி, செலவுக்கு வர்றேன், நான் பேச நினைச்சதே இததான்.

ஹார்லியோட பிக் ட்வின்ங்குற பெரிய இன்ஜின் வண்டிகள்ல ஆயில் மூணு இடத்துல மாத்தணும், இன்ஜின் தனி, இன்ஜின் சக்திய கிளட்சுக்கு கடத்துற பிரைமரி தனி, கியர் பாக்ஸ் தனி. பெரும்பாலான ஜப்பான் குரூஸர்ல இன்ஜின், கிளட்ச், கியர் மூணுக்கும் ஒரே ஆயில். ஆனா உடனே ஜப்பான் கட்சிக்காரங்க விசில் அடிக்க வேணாம், அதே பிக் ட்வின்ல வால்வ் இடைவெளிய ஆயில் அழுத்தத்துல தானே சரி பண்ணிக்கிற ஹைட்ராலிக் லிஃப்டர் இருக்கு, அந்த இடைவெளிய, அதாவது வால்வ் கிளியரன்ஸ பாக்குற வேலையே கிடையாது, உங்க வண்டி பலதுல டேங்க கழட்டி கவர கழட்டி ஃபீலர் கேஜ் வச்சு அளக்கணும், அதுக்கு ஆகுற கூலிய நீங்க யாரும் சொல்றதே இல்ல. ஆயில்ல மிச்சம் பண்ணி வால்வுல விட்டுடுறீங்க. இன்னொரு பக்கம், 1999ல வந்த ஹார்லியோட ட்வின் கேம் இன்ஜின்ல, வால்வ திறக்குற கேம சுத்த வைக்கிற செயின இழுத்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் ஷூ தேயும், கவனிக்காம விட்டா இன்ஜினுக்கே ஆபத்து, டைனாங்குற மாடலுக்கு 2006லயும் மத்த பிக் ட்வினுக்கு 2007லயும்தான் ஆயில் அழுத்தத்துல செயின இழுத்துப் பிடிக்கிற ஹைட்ராலிக் டென்ஷனர் வந்துச்சு. செகண்ட் ஹேண்ட்ல அந்த வருஷ வண்டிய பாக்குறவனுக்கு "அத மாத்தியாச்சா, பில் இருக்கா"ன்னு கேக்கச் சொல்லித் தர்றதுதான் பாசம். "ஹார்லிடா, கண்ண மூடிட்டு வாங்கு"ன்னு சொல்றது இல்ல.

டிரைவ், அதாவது இன்ஜின் சக்தி பின் சக்கரத்துக்குப் போற வழி, இந்த விஷயம் இன்னும் யாரும் பேசாத ஒண்ணு. பெல்ட் சுத்தமா இருக்கும், சத்தம் இல்ல, எண்ணெய் போட வேணாம், ரொம்ப நாள் உழைக்கும், எல்லாம் உண்மை. ஆனா ஒரு கல்லு உள்ள மாட்டி பெல்ட் கிழிஞ்சா, பிக் ட்வின்ல பிரைமரிய கழட்டி, பின் சக்கரத்த தாங்குற ஸ்விங் ஆர்ம் பக்கமும் பிரிச்சாத்தான் புது பெல்ட் உள்ள போகும். பெல்ட் விலைய விட கூலி மலைக்க வைக்கும். யமஹா வி ஸ்டார் 650, ஹோண்டா ஷேடோ 1100 மாதிரி வண்டிங்கள்ல பெல்ட்டுக்கு பதிலா சுத்துற இரும்புத் தண்டு, அதாவது ஷாஃப்ட், அப்பப்ப பின்னாடி ஆயில் மாத்துனா போதும், ஆனா கொஞ்சம் கனம். செயின் வண்டின்னா வாரா வாரம் கை கறுப்பாகும், ஆனா செயின் ஸ்ப்ராக்கெட் செட்ட எவனும் எங்கயும் மாத்திடுவான். அவனுக்கு எது ஒத்துவரும்னு சொல்ல அவன் எவ்வளவு ஓட்டுவான்னு தெரிஞ்சாகணும், அதத்தான் நாம கேக்கல.

டயர். ஐயோ டயர். பின்னாடி 240 மில்லிமீட்டர் அகலத்துல படுத்துக்கிடக்கிற டயர பாத்து மயங்காதவன் யாரு, சுசூகி எம்109ஆர் பின்னாடி வர்றப்பல்லாம் நானே அததான் பாத்துட்டு வருவேன். அந்த சைஸ்ல கடையில ரெடியா இருக்குறதே கம்மி, விலையும் அதுக்கேத்த மாதிரி, கனமான வண்டி நேர் ரோட்டுலயே ஓடுனா நடுப்பகுதி சீக்கிரம் போயிடும். வளைவுல வேற பிடிவாதம் பிடிக்கும்.

அப்புறம் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங். வண்டிய விலை குறைச்சு வாங்கிட்டேன்னு சந்தோஷமா வருவாங்க, ஆறு மாசத்துல சைலன்சர், ஏர் கிளீனர், அதுக்கு ஏத்த மாதிரி ஃபியூயல் ட்யூனிங், பையி, கண்ணாடி, பின் சீட்டுக்கு சாய்மானம்னு போட்டு பெரிய மாடல் விலையவே தாண்டிடுவாங்க, விக்கும்போது அதுல கால்வாசி கூட திரும்பாது. நம்ம கூட்டத்துல ஒருத்தரு அந்த பில்லயெல்லாம் வீட்டுல காட்டாம வண்டியோட சைடு பேக்லயே வச்சிருக்காரு, அவரு யாருன்னு அவருக்குத் தெரியும்.

பாசம் காசா திரும்பி வர்ற இடமும் ஒண்ணு இருக்கு, அத மறைக்கக் கூடாது. பேரெடுத்த பிராண்டுக்கு ரீசேல் நிக்கும், 30 வருஷப் பழைய மாடலுக்கும் வேற கம்பெனிங்க பார்ட்ஸ் செஞ்சுட்டே இருப்பாங்க, அத பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச கைங்க நிறைய இருக்கும். சில ஜப்பான் வண்டி 50 வருஷம் ஓடுற இன்ஜினோட இருக்கும், ஆனா ஒரு சின்ன கார்பரேட்டர் டயஃப்ரம் கிடைக்காம நிக்கும். அதனால அவன் வீட்டுக்குப் பக்கத்துல எந்த வண்டிய பாக்குற நல்ல மெக்கானிக் இருக்காரு, பார்ட்ஸ் எத்தனை நாள்ல வருது, அத விசாரிக்காம நாம சொல்ற எந்த பிராண்ட் பேரும் வெறும் சத்தம்தான். மொட்டையா சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க.

உடம்புக்கு ஒத்துப்போறதும் கிட்டத்தட்ட காசு மாதிரிதான். ஹோண்டா ரெபல் 500 சீட்டு உயரம் 690 மில்லிமீட்டர், கனம் 190 கிலோ சுமாரு. நீங்க அவனுக்கு சிபாரிசு பண்ண டூரிங் வண்டி 350 கிலோவ தாண்டும். நிறுத்துற இடத்துல ஒரு தடவை சாஞ்சா தூக்கத் தெரியணும், சாஞ்சதுல உடைஞ்ச லீவருக்கும் நெளிஞ்ச கார்டுக்கும் காசு வேணும். கவாசாகி வல்கன் எஸ் 2015ல வந்தப்ப கால் வைக்கிற ஃபுட் பெக்க மூணு இடத்துல மாத்தி வைக்கிற மாதிரி குடுத்தாங்க, சீட்டும் ஹேண்டில்பாரும் ஆள் அளவுக்கு மாத்திக்கலாம். அத நம்ம கூட்டத்துல "பேரலல் ட்வின்லாம் குரூஸரா"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டோம், ரெண்டு சிலிண்டரும் V மாதிரி விரியாம பக்கத்துல பக்கத்துல நிக்குதுங்குறதால. கால் எட்டாதவனுக்கு வி-ட்வின்னா என்ன பேரலல் ட்வின்னா என்ன சொல்லுங்க. அதுவும் போக, வெடி சமமா விழாத மாதிரி 270 டிகிரி கிராங்க் போட்ட பேரலல் ட்வின் ரெபல் 1100 ஓட்டிப் பாத்தவங்க, அந்த தாளம் வி-ட்வின் மாதிரியே இருக்குன்னு வாய்க்குள்ள முணுமுணுத்தத நான் பின்னாடி நின்னு கேட்டேன்.

அந்தப் பையன் நம்பர நான் வாங்கி வச்சிருந்தேன். நேத்து பேசுனேன், உயரம் அஞ்சடி நாலு, வாரத்துல ஆறு நாள் வேலைக்கு ஓட்டணும், பின்னாடி அவங்கம்மா உக்காருவாங்களாம். அம்மா உக்காரணும்ங்குறத வச்சுப் பாத்தா நாம அன்னைக்கு சொன்ன அஞ்சு வண்டியில மூணு அப்பவே கழண்டு போச்சு, அதுல ரெண்டுக்கு பின் சீட்டே கிடையாது. கையில இருக்குற மொத்தத்துல மூணுல ஒரு பங்க தொடாம வச்சுட்டு மிச்சத்துக்கு வண்டி பாருன்னு சொல்லியிருக்கேன், டயருக்கும் இன்சூரன்ஸுக்கும் ஜாக்கெட்டுக்கும் முதல் வருஷ சர்வீஸுக்கும் அது வேணும். அப்புறம் எந்த பிராண்டுன்னு கேட்டான். எல்லாத்துலயும் உக்காந்து பாத்துட்டு சொல்லுன்னுட்டேன்.

வர்ற ரைடுக்கு அம்மாவையும் கூட்டிட்டு வர்றான். ஒவ்வொரு வண்டியிலயும் ரெண்டு பேரும் உக்காந்து பாக்கட்டும், ஸ்டாண்ட எடுத்து நேரா நிமித்திப் பாக்கட்டும், ஒரு ரவுண்டு தள்ளிப் பாக்கட்டும். அண்ணன்மாரே, சாவிய அவன் கையில குடுத்துட்டு ஒரு பத்து நிமிஷம் மட்டும் ஒண்ணும் பேசாம தள்ளி நில்லுங்க.

இப்படிக்கு,
கடைசியா வர்றவன்