தவளைக்கு முன்னால் புழு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. உடனே பதில் எழுத முடியாமல் போனதற்கு அம்மாதான் காரணம். மூன்று மாதம் எங்களோடு இருந்துவிட்டு, போன ஞாயிறுதான் கும்பகோணம் கிளம்பினார். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

தவளை வளர்க்க உரிமம் கிடைத்துவிட்டதா! அடுத்த மாதம் பச்சை மரத்தவளை வரப்போகிறது என்றதும் எனக்கே குஷியாகிவிட்டது. உங்கள் பிரிஸ்பேனில் மழை பெய்தால் குளியலறை ஜன்னலில் தானாக வந்து உட்காரும் தவளை அது. அதையே நாங்கள் இங்கே டொராண்டோவில் கண்ணாடித் தொட்டிக்குள் வைத்து, சூடும் ஈரமும் பார்த்துப் பார்த்துக் கொடுத்து வளர்க்கிறோம். நன்றாகக் கவனித்தால் பதினைந்து, இருபது வருஷம்கூட இருக்கும். உன் மகன் கல்லூரி முடிக்கும்போதும் அது வீட்டில் இருக்கும் என்பதை அவனிடம் இப்போதே சொல்லிவை.

தவளைக்கு இரையாகப் போடும் மாவுப்புழு, அதாவது ஒரு வகை வண்டின் புழு, அதை வளர்ப்பது பற்றிக் கேட்டிருந்தாய். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தவளை மரகதம் குட்டியாக வந்தபோது, மாவுப்புழு மட்டும் போட்டால் போதும் என்று வாங்கிய இடத்தில் சொன்னார்கள். நம்பிவிட்டேன். சில மாதங்களில் அது இரையைக் குறிபார்த்துப் பாய்ந்தும் தவறவிட ஆரம்பித்தது. பின்னங்கால் நடுங்கியது. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். எலும்புகள் மங்கலாக, நூல் போலத் தெரிந்தன. கால்சியம் பற்றாக்குறை. மாவுப்புழுவில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அதை மட்டுமே தின்றால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கிவிடும். பிழைத்துக்கொண்டது. ஆனால் கீழ்த்தாடை இன்றும் கொஞ்சம் கோணல். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு உறுத்தும்.

அதனால் சுவர்க்கோழியும் மண்புழுவும்தான் முக்கிய உணவு. மாவுப்புழு வாரத்துக்கு ஒரு தடவை, நாலைந்து போதும். கொழுப்பு அதிகம், இந்தத் தவளையோ சட்டென்று குண்டாகிவிடும். கண்ணுக்கு மேல் மடிப்பு விழுந்தால் தீனியைக் குறைத்துவிடு. விழுங்கிய புழு வயிற்றைக் கடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள், காதில் வாங்காதே.

புழு வளர்ப்பது சுலபம். வழவழப்பான பிளாஸ்டிக் டப்பா மூன்று எடு. அதன் சுவரில் புழுவால் ஏற முடியாது. தெர்மோகோல் பெட்டி மட்டும் வேண்டாம், அரித்துத் தின்றுவிடும். தெர்மோகோல் என்பது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்தான்; இந்தப் புழுக்கள் அதைத் தின்று வயிற்றுக்குள் சிதைப்பதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களும் சீன ஆய்வாளர்களும் 2015இல் எழுதினார்கள். படிக்க ஆச்சரியமான விஷயம்தான், ஆனால் அப்படித் தின்ற புழுவை என் தவளைக்கு நான் போட மாட்டேன்.

டப்பாவில் நாலு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கோதுமைத் தவிடு. போடுவதற்கு முன் சில நாள் ஃப்ரீசரில் வைத்து எடு, பேன் போன்ற சிற்றுண்ணிகள் செத்துவிடும். தண்ணீர் வைக்கவே கூடாது. கேரட் துண்டு போட்டால் அந்த ஈரமே போதும். வாடினால் எடுத்துவிடு. எனக்கு இங்கே குளிர்தான் எதிரி, ஹீட்டர் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். உனக்குப் புழுக்கம்தான் எதிரி. தவிடு நமுத்தால் பூஞ்சை பிடித்து ஒரே வாரத்தில் எல்லாம் போய்விடும்.

புழு வளர்ந்து வெள்ளையாகச் சுருண்ட கூட்டுப்புழு ஆகும். அதைத் தனி டப்பாவுக்கு மாற்று, இல்லையென்றால் மற்றவை கடித்துவிடும். ஒன்றிரண்டு வாரத்தில் வண்டு வெளிவரும். முதலில் வெளிர் நிறம், பிறகு பழுப்பு, கடைசியில் கன்னங்கறுப்பு. வண்டுகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுத் தவிட்டுக்கு மாற்றினால், பழைய தவிட்டில் இட்ட முட்டைகள் நிம்மதியாகப் பொரியும். முட்டை கண்ணுக்கே தெரியாது, ஒன்றுமில்லை என்று கொட்டிவிடாதே. முட்டையிலிருந்து வண்டு வரை, வெதுவெதுப்பாக இருந்தால் மூன்று நாலு மாதம் பிடிக்கும்.

அம்மா முதல் நாள் அந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். அரிசியில் ஒரு வண்டு கண்டாலே முறத்தோடு மொட்டை மாடிக்குப் போய்விடுபவர் ஆயிற்றே. வேப்பிலை போட்டு விரட்டுவதைப் போய் வளர்க்கிறாயே என்றார். மரகதத்தின் தாடையைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். மறுபேச்சு இல்லை. அடுத்த வாரம் பார்த்தால் பால்கனியில் உட்கார்ந்து ஒரு தாம்பாளத்தில் புழுக்களைப் புடைத்துக்கொண்டிருக்கிறார்! உரித்த தோலெல்லாம் காற்றில் பறக்க, புழு மட்டும் தட்டில் நின்றது. நான் சல்லடையோடு அரை மணி நேரம் படுகிற பாட்டை அவர் ஐந்து நிமிஷத்தில் முடித்தார். அடியில் சேரும் ரவை போன்ற எச்சத்தையும் விடவில்லை. கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போட்டார், செடி இப்போது தளதளவென்று நிற்கிறது. நீ செய்யும்போது மூக்கில் துணி கட்டிக்கொள். அந்தத் தூசி சிலருக்கு ஒவ்வாமையைக் கொண்டுவரும், உனக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு.

தவளைக்குக் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே, வேண்டிய புழுக்களைப் பிரித்து கீரையும் கால்சியம் கலந்த தீனியும் போடு. புழுவின் வயிற்றில் இருப்பதுதான் தவளைக்குப் போகிறது. கொடுக்கும்போது வைட்டமின் டி3 சேர்ந்த கால்சியம் பொடியில் புரட்டு. குட்டியாக இருக்கும்வரை எந்த இரை கொடுத்தாலும் இந்தப் பொடியை விட்டுவிடாதே. புதிதாகத் தோல் கழற்றிய வெள்ளைப் புழு கிடைத்தால் அதைக் கொடு, மெத்தென்று இருக்கும், சுலபமாகச் செரிக்கும்.

டப்பாவை இந்த வாரமே தொடங்கிவிடு. தவளை வந்த பிறகு அதைக் கவனிக்கவே நேரம் சரியாக இருக்கும். வந்ததும் எடை பார்த்துக் குறித்துவை, எனக்கும் எழுது. அப்பாவுக்கு என் வணக்கம். சொட்டு மருந்தை மறக்காமல் விடச் சொல்.

அன்புடன்,
முரளி