சாவி தரும் முன் குழாய்களைக் காட்டுங்கள்

மோட்டார் ஹோம் (படுக்கை, கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு விடும் நம்மவர் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். பெப்ரவரி நீண்ட வார இறுதியில் உங்கள் வண்டியில் அல்கோன்குயின் பூங்காவின் மியூ லேக் முகாமுக்குப் போன குடும்பம் நாங்கள். நடந்தது உங்களுக்குத் தெரியும். வெடித்த குழாய்க்கு எங்கள் டெபாசிட்டில் 600 டொலர் கழித்ததும் நீங்கள்தான்.

சாவி தந்த தம்பி, "காஸை மிச்சம் பிடியுங்கோ, கரண்ட் ஹீட்டர் போதும்" என்றார். நம்பினோம். ஆனால் அந்த வண்டியில் தரைக்கு அடியில் உள்ள குழாய்களுக்குச் சூடு போவது காஸ் ஃபர்னஸ் (காஸில் எரிந்து சூடான காற்றை அனுப்பும் அடுப்பு) ஓடும்போது மட்டும்தான். ஹீட்டரால் அறை சூடானதும் ஃபர்னஸ் தானாகவே நின்றுவிட்டது. வெளியே மைனஸ் 24 பாகை. காலையில் குழாயைத் திறந்தால் பம்ப் உறுமுகிறது, ஒரு சொட்டு வரவில்லை. உறையும் தண்ணீர் ஒன்பது சதவீதம் வீங்கும். பிளாஸ்டிக் இணைப்பு தாங்குமா?

காசை விட அம்மா பட்ட பாடுதான் மனதை அறுக்கிறது. வயது 72, முழங்கால் வலி. வண்டிக்குள்ளேயே கழிவறை இருக்கிறது என்று சொல்லித்தான் கூட்டிப் போனோம். தண்ணீரும் இல்லை, கழிவுத் தொட்டியின் வால்வும் இறுகிவிட்டது. அன்றிரவு இரண்டு மணிக்கு, வழுக்கும் பனியில் கைத்தாங்கலாகப் பொதுக் கழிப்பறைக்கு நடத்திப் போனேன். மறுநாள் முழுக்க அம்மா தேநீரைத் தொடவே இல்லை. கேட்டால், "தாகமில்லை" என்றார்.

சாவி தரும் முன் பத்து நிமிடம் ஒதுக்கிக் காட்டுங்கள். தண்ணீரை வடிக்கும் வால்வு எது, தொட்டிச் சூடாக்கியின் சுவிட்ச் எங்கே, ஃபர்னஸை ஏன் நிறுத்தக் கூடாது என்று சொல்லுங்கள். கழிவறையில் ஊற்ற, தண்ணீர் உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் இரண்டு போத்தல் கொடுங்கள்; தெரியாதவர்கள் காருக்கு ஊற்றும் நஞ்சை வாங்கி ஊற்றிவிடுவார்கள்.

வீடானாலும் காரானாலும் நம்மவரைத் தேடிப் போகிறோம், தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றுதான். ஆங்கில ஒப்பந்தத்தை நீட்டி, கையெழுத்தை மட்டும் வாங்கி அனுப்புவதற்கு நம்மவர் எதற்கு? எங்கள் பெற்றோரிடமும் இப்படித்தான் எல்லா இடத்திலும் கையெழுத்து வாங்கினார்கள்.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கழித்த பணத்தைத் திருப்பித் தரும்படி பணிவுடன் கேட்கிறேன். அதைவிட முக்கியமாக, மார்ச் விடுமுறைக்கு வண்டி எடுக்க வரும் குடும்பங்களுக்குக் குழாய்களைக் காட்டிவிட்டுச் சாவி கொடுங்கள்.

ஸ்காபரோவில் இருந்து,
உங்கள் வாடிக்கையாளர்